ஐந்தாவது வாரப் பட்டியல்: அரியர் விழும் முன்பே கல்லூரித் தரவைப் படிப்பது எப்படி

முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த மறுநாள் எந்தத் துறைக்குள் நுழைந்தாலும் ஒரே வேலைதான் நடக்கும். மூன்று அரியர் வைத்தவர்கள் யார் என்று பட்டியல், ஸ்லோ லேர்னர் கோச்சிங்குக்கு டைம்டேபிள், பெற்றோருக்குக் கடிதம். எல்லாம் நல்ல எண்ணத்தில்தான் நடக்கிறது, ஆனால் காலம் தப்பி நடக்கிறது. அந்தப் பிள்ளைகளில் பலர் தடுமாறத் தொடங்கியது நான்காவது, ஐந்தாவது வாரத்தில். வருகைப் பதிவேட்டிலும், முதல் இன்டர்னல் மார்க் ஷீட்டிலும், ஃபீஸ் கவுண்டரிலும் அதற்கான தடயம் அப்போதே இருந்தது. மூன்றையும் யாரும் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை.

அப்படி ஒன்றாக வைத்துப் பார்ப்பதற்குத்தான் லேர்னிங் அனலிட்டிக்ஸ் என்று பெயர். பெயரைக் கேட்டதும் பெரிய சாஃப்ட்வேர், டாஷ்போர்டு, செயற்கை நுண்ணறிவு என்று நினைத்துவிடுகிறோம். கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளுக்குத் தேவையானது எக்செல் தெரிந்த ஒருவர், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கும் மென்டர்கள் (ஒரு சிறு குழு மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர்கள்), பட்டியல் கைக்கு வந்த இரண்டு நாளுக்குள் மாணவரோடு பேசிவிடும் வழக்கம், இவ்வளவுதான். கணக்குப் போடும் பகுதி எளிது. பேசும் பகுதிதான் கடினம் என்பதால் அதிலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும்.

பட்டியலின் நீளத்தை மென்டரின் நேரம் முடிவு செய்யட்டும்

பெரும்பாலான முயற்சிகள் இந்த இடத்திலேயே படுத்துவிடுகின்றன. "வருகை 80 விழுக்காட்டுக்குக் கீழ், மார்க் 50-க்குக் கீழ்" என்று ஒரு கோட்டைப் போட்டு வடிகட்டினால் முதலாம் ஆண்டில் பாதிப் பேர் சிவப்பாக வருவார்கள். நூறு பெயரை வாங்கிய துறைத்தலைவர் அதை குரூப்பில் ஃபார்வர்டு செய்வார். யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள்.

கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். முதலாம் ஆண்டில் 240 பேர், ஒரு மென்டருக்கு 20 பேர் வீதம் 12 மென்டர்கள். ஒரு மென்டர் இதற்காக வாரம் இரண்டு மணி நேரம் உண்மையாகவே ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். முதல் பேச்சுக்கு 20 நிமிடம், குறிப்பு எழுதவும் அதன் பேரில் யாரையாவது கூப்பிடவும் 10 நிமிடம். ஆக மென்டருக்கு வாரம் நான்கு பேர், மொத்தம் 48 பேர். உங்கள் பட்டியலில் 48 பெயர் இருக்கலாம். நாற்பத்தொன்பதாவது பெயரைச் சேர்த்தால் யாரோ ஒருவருடைய பேச்சு அரைகுறையாகும்.

அந்த வகுப்பில் 50 பேர் அரியர் வைக்கக்கூடியவர்கள் என்றும், பட்டியலின் 48 பேரில் 30 பேர் அவர்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 18 பேரைத் தேவையில்லாமல் கூப்பிட்டிருப்பீர்கள், 20 பேரைத் தவறவிட்டிருப்பீர்கள். தேவையில்லாமல் கூப்பிட்டதில் போவது 20 நிமிடம். தவறவிட்டதில் போவது ஒரு பேப்பர், சிலருக்கு ஒரு வருடம். ஆகவே கொஞ்சம் தவறான எச்சரிக்கை வரட்டும், பரவாயில்லை. ஆனால் கூப்பிடும் விதம் விசாரணை போல இருக்கக்கூடாது. அப்படி இருந்தால் அந்த 18 பேருக்கும் நாம் கெடுதலே செய்தவர்களாவோம்.

கையில் ஏற்கெனவே இருக்கும் தங்கம்: கேள்வி வாரியான மதிப்பெண்

என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரத்துக்காக சிஓ அட்டெயின்மென்ட், அதாவது பாடத்தின் இலக்குகளை மாணவர்கள் எவ்வளவு எட்டினார்கள் என்ற கணக்குப் போடும் கல்லூரிகள் இன்டர்னல் தாளின் ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாக மார்க் ஏற்றுகின்றன. 60 பேர், 8 கேள்வி என்றால் 480 எண்கள். ஆசிரியர்கள் இரவு உட்கார்ந்து ஏற்றும் இந்த எண்களிலிருந்து ஒரு சராசரியை எடுத்து ஃபைலில் வைத்துவிட்டு மீதியை மறந்துவிடுகிறோம். ஒரு மாணவரைப் பற்றி இதைவிடக் கூர்மையாகச் சொல்லும் தரவு வேறு எதுவும் கல்லூரியில் இல்லை.

50 மதிப்பெண் தாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு மதிப்பெண் கேள்வி ஐந்து, 13 மதிப்பெண் கேள்வி இரண்டு, 14 மதிப்பெண் கேள்வி ஒன்று. மூன்று பேர் 18 வாங்கியிருக்கிறார்கள். மார்க் ஷீட்டில் மூவரும் ஒன்றுதான். உள்ளே பார்த்தால் வேறு கதை.

முதல் மாணவி இரண்டு மதிப்பெண் கேள்விகளில் 10-க்கு 9. முதல் பெரிய கேள்விக்கு 9. மற்ற இரண்டு பெரிய கேள்விகளையும் தொடவே இல்லை. இவருக்குப் பாடம் தெரியும். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுத வரவில்லை, அல்லது நேரம் போதவில்லை. தமிழ் வழியில் படித்து வந்தவர்களிடம் முதல் செமஸ்டரில் அடிக்கடி காணும் உருவம் இது. இவரைத் திரும்பவும் முதல் யூனிட்டிலிருந்து கோச்சிங்கில் உட்கார வைத்தால் நேரம்தான் வீண். அவருக்குத் தேவை, ஒரு 13 மதிப்பெண் விடையை ஆறு தலைப்பாக, ஒரு படத்தோடு, 25 நிமிடத்தில் எழுதிப் பழகுவது. வாரம் இரண்டு விடை, ஆசிரியர் திருத்தித் தர வேண்டும்.

இரண்டாவது மாணவர் சிறிய கேள்விகளில் 10-க்கு 2. பெரியவற்றில் 6, 5, 5. எதையும் விடாமல் எழுதியிருக்கிறார். நோட்ஸை மனப்பாடம் செய்து, பாதி மறந்து, எழுதிய விடை இது. அடிப்படை இல்லை. இவருக்குத்தான் உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டும்.

மூன்றாவது மாணவர் முதல் யூனிட்டின் மூன்று சிறு கேள்விக்கு 6, பெரிய கேள்விக்கு 12. இரண்டாம் யூனிட் முழுக்க வெற்று. வருகைப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்தால் இரண்டாம் யூனிட் நடந்த பத்து நாளில் ஏழு நாள் ஆளே இல்லை. வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பதுதான் இங்கே முதல் வேலை.

இந்த வேறுபாடு தெரிய வேண்டுமானால் மார்க் ஏற்றும்போது ஒரே ஒரு ஒழுங்கு வேண்டும்: எழுதித் தப்பானால் 0, எழுதவே இல்லையென்றால் ஒரு கோடு, தேர்வுக்கே வரவில்லையென்றால் "ஆப்" (ஆப்சென்ட்). மூன்றுக்கும் பூஜ்யம் போடுவது எங்கும் நடக்கும் தவறு. "அல்லது" கேள்விகளில் இது இன்னும் மோசம். 7-அ எழுதியவருக்கு 7-ஆ கட்டத்தில் 0 விழுந்தால், அந்த 7-ஆ வகுப்பிலேயே கடினமான கேள்வி என்று கணக்கு பொய் சொல்லும். தேர்வு செய்யாத கேள்வியின் கட்டம் காலியாகவே இருக்க வேண்டும்.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது

முதல் பட்டியலை மூன்றாம் வார இறுதியில், வருகையையும் அசைன்மென்டையும் மட்டும் வைத்து எடுங்கள். அதில் ஐந்தாறு பேர்தான் வருவார்கள், அவர்களுக்கு உடனே ஃபோன். முழுப் பட்டியல் முதல் இன்டர்னல் முடிந்து மார்க் ஏறியதும், அதாவது ஐந்தாவது வார இறுதியில். 15 வார செமஸ்டரில் இரண்டாம் இன்டர்னலுக்குப் பிறகு எடுக்கும் பட்டியலால் பெரிதாக எதையும் மாற்ற முடியாது.

புள்ளி முறை போதும். தொடர்ந்து மூன்று நாள் வராதது 2 புள்ளி. தன் வழக்கத்திலிருந்து வருகை சடாரென்று விழுந்தது 2. இன்டர்னலில் ஏதாவது இரண்டு பாடத்தில் 40 விழுக்காட்டுக்குக் கீழ் 2. பெரிய கேள்விகளில் பாதிக்கு மேல் எழுதாமல் விட்டது 1. இரண்டு அசைன்மென்ட் தராதது 1. ஃபீஸ் பாக்கியும் வருகைச் சரிவும் ஒரே மாதத்தில் வந்தது 2. கூட்டி, இறங்கு வரிசையில் அடுக்கி, மேலிருந்து 48 பேர். இந்தப் புள்ளிகள் தொடக்கத்துக்குத்தான். ஒவ்வொரு செமஸ்டர் ரிசல்ட்டோடும் ஒப்பிட்டு மாற்றிக்கொள்ளலாம்.

"சடாரென்று விழுந்தது" என்பதில் அழுத்தம் வையுங்கள். முதலிலிருந்தே 78 விழுக்காட்டில் நிற்கும் பையன் ஒரு கணக்கோடு லீவ் போடுகிறான். 96-இலிருந்து இரண்டு வாரத்தில் 70-க்கு வந்த பெண்ணுக்கு ஏதோ நடந்திருக்கிறது. வெறும் சதவீதக் கோடு முதலாமவனை ஒத்த இடத்தில் இரண்டாமவரையும் வைத்துவிடும்.

வருகையைச் சதவீதமாகக் காட்டுவதைவிட "இன்னும் எத்தனை வகுப்பு விடலாம்" என்று காட்டுவது மாணவருக்கு உறைக்கும். 45 பீரியட் பாடத்தில் 75 விழுக்காடு என்றால் 34 வகுப்பு வந்தாக வேண்டும், 11 விடலாம். முதல் 12 வகுப்பில் 6 விட்டவருக்கு வருகை 50 விழுக்காடு என்று சொன்னால் "இனி அவ்வளவுதான்" என்று நினைத்துக்கொள்கிறார். இன்னும் 33 வகுப்பு இருக்கிறது, அதில் 5 வரை விட்டாலும் தேறலாம் என்று சொன்னால் நிமிர்ந்து உட்காருகிறார். பாடவாரியாக வருகை பார்க்கும் கல்லூரிகளில் இந்த ஒரு எண்ணை மட்டும் வாரா வாரம் மாணவருக்கு அனுப்பினாலே பலன் தெரியும்.

மூன்று நான்கு பேட்ச் தரவு சேர்ந்த பிறகு லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் (ஒருவர் தேறுவாரா மாட்டாரா என்ற வாய்ப்பைப் பழைய தரவிலிருந்து கணிக்கும் புள்ளியியல் மாடல்) ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் பழைய பேட்சுகளைக் கண்மூடிச் சேர்க்கக்கூடாது. அண்ணா பல்கலைக்கழக இணைவுக் கல்லூரிகளில் 2017 விதிமுறைப்படி தியரி பாடத்துக்கு இன்டர்னல் 20, செமஸ்டர் தேர்வு 80. 2021 விதிமுறையில் அது 40-க்கு 60. இன்டர்னலின் எடை இரட்டித்துவிட்டதால் முன்னதில் கற்ற மாடல் பின்னதற்குப் பொருந்தாது. கொரோனாக் கால ஆன்லைன் தேர்வுகளின் மார்க்கும் அப்படித்தான். 2021-இல் பிளஸ் டூ முடித்தவர்களுக்குப் பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூவிலிருந்து 30 என்று கணக்கிட்ட மார்க் அது. மற்ற ஆண்டு மார்க்கோடு ஒரே நெடுவரிசையில் வைத்தால் மாடல் குழம்பும்.

இன்ஜினியரிங் கட்-ஆஃபை நம்பி ஏமாறுபவர்களும் உண்டு. மாநிலம் முழுக்கப் பார்த்தால் 200-க்கான கட்-ஆஃபுக்கும் தேர்ச்சிக்கும் தொடர்பு தெரியும். ஒரே கல்லூரியின் ஒரே பிரிவுக்குள் வந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒத்த கட்-ஆஃப் உள்ளவர்கள். அந்தக் குறுகிய இடைவெளிக்குள் அதற்குப் பிரித்துக் காட்டும் வலு குறைவு. முதல் இன்டர்னல் வந்த பிறகு அதைக் கைவிட்டுவிடலாம்.

மூடுல், கூகுள் கிளாஸ்ரூம் போன்ற இணையவழிப் பாடத் தளங்களின் லாகின் எண்ணிக்கை? நம் ஊர் வழக்கத்தில் அதை நம்பாதீர்கள். ஒருவர் லாகின் செய்து பிடிஎஃப் எடுத்து கிளாஸ் வாட்ஸ்ஆப் குரூப்பில் போடுவார், 59 பேர் அங்கிருந்து படிப்பார்கள். அந்த 59 பேரும் "படிக்காதவர்கள்" என்று தரவு சொல்லும். பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டி 2017-இல் வெளியிட்ட திறந்த தரவில் 32,593 மாணவர்களின் கிளிக்குகள் இருக்கின்றன. அங்கே படிப்பு தொலைநிலைக் கல்வி, பாடமே இணையதளத்தில் இருக்கிறது, ஆகவே கிளிக்குக்குப் பொருள் உண்டு. பழகிப் பார்க்க அந்தத் தரவு அருமையானது. அதில் கற்ற முடிவை அப்படியே பெருந்துறைக்கும் பல்லடத்துக்கும் கொண்டுவர முடியாது. மூடுல் 3.4-இலிருந்து அதிலேயே இடைநிற்றலைக் கணிக்கும் மாடல் இருக்கிறது. அதற்கு முடிந்துபோன பாடங்களின் தரவு வேண்டும், ஒவ்வொரு பாடத்துக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் போட்டிருக்க வேண்டும். நம் கல்லூரிகளில் முடிவுத் தேதி காலியாகவே கிடக்கும், மாடல் அசையாது.

சாதி எக்காரணம் கொண்டும் புள்ளியில் வரக்கூடாது. பின்கோடு, படித்த பள்ளியின் பெயர் ஆகியவையும் வேண்டாம். இந்த மாவட்டங்களில் அவை சாதியையும் வசதியையும் மறைமுகமாகச் சொல்லிவிடும். "முதல் தலைமுறைப் பட்டதாரி" என்பது உதவி தரும்போது தெரிந்திருக்க வேண்டிய செய்தி. பட்டியலில் ஏற்றும் காரணமாக அது இருக்கக்கூடாது. எடுத்த பட்டியலைத் தமிழ் வழி, ஆங்கில வழி என்று பிரித்து, எந்தப் பக்கம் தவறான எச்சரிக்கை அதிகம் என்று ஒவ்வொரு செமஸ்டரும் பார்த்துவிடுங்கள்.

தரவில் வரும் குளறுபடிகள்

அண்ணா பல்கலைக்கழகப் பதிவு எண் 12 இலக்கம். எக்செல் பொது வடிவில் 11 இலக்கத்துக்கு மேல் போனால் எண்ணைச் சுருக்கிப் புள்ளி வைத்து, பத்தின் அடுக்காகக் காட்டும். அதை அப்படியே சிஎஸ்வி ஆகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போய்விடும், ஒரு வகுப்பு முழுக்க ஒரே எண்ணில் வந்து நிற்கும். கோப்பைத் திறக்கும் முன்பே அந்த நெடுவரிசையை எழுத்து வடிவமாக மாற்ற வேண்டும். முதலாம் ஆண்டில் பதிவு எண் வரச் சில வாரம் ஆகும், அதுவரை அட்மிஷன் எண்ணில் ஓடும். இரண்டையும் இணைக்கும் ஒரு தாளை அலுவலகத்திலிருந்து முதலிலேயே வாங்கிவிடுங்கள். பெயரை வைத்து இணைக்க முயன்றால் இனிஷியல் முன்னும் பின்னும் மாறி, ஒரே வகுப்பில் மூன்று கார்த்திக்கும் இரண்டு தரணியும் கலந்துவிடுவார்கள்.

ஓ.டி. (ஆன் டியூட்டி, கல்லூரி வேலையாக வெளியே போன நாள்) இன்னொரு தொல்லை. விளையாட்டு, சிம்போசியம், என்எஸ்எஸ் முகாம் என்று போனவர்களுக்கு முதலில் ஆப்சென்ட் விழுந்து, மாதக் கடைசியில்தான் திருத்தப்படும். நடுவில் பட்டியல் எடுத்தால் கபடி டீமே அபாயத்தில் இருப்பதாக வரும். ஓ.டி. கடிதம் கையெழுத்தான அன்றே ஒரு தனித் தாளில் ஏற வேண்டும். டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களுக்கு முதலாண்டு மார்க் காலியாக இருக்கும். காலியைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு அவர்கள் எல்லோரையும் முதல் வரிசையில் நிறுத்தும். அவர்களைத் தனிக் குழுவாகவே பாருங்கள்.

பஸ் ரூட் நெடுவரிசை கட்டாயம் வேண்டும். நம் கல்லூரிகளில் பாதிப் பேர் காலையில் ஆறரை ஏழு மணிக்குக் காலேஜ் பஸ் ஏறுபவர்கள். கோபி ரூட் பஸ் நாற்பது நிமிடம் தாமதமானால் 45 பேருக்கு முதல் அவர் (பீரியட்) ஆப்சென்ட். ஒரே ரூட்டில் பத்துப் பேருக்கு மேல் ஒரே அவரில் இல்லையென்றால் அந்த அவரைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்.

ஊர் நாட்காட்டியை உடன் வைத்துப் படியுங்கள்

வருகைக் குறைவு எந்தக் கிழமையில், எந்த அவரில் விழுகிறது என்பது பல நேரம் காரணத்துக்கு அருகில் கொண்டுபோய் விடும். முதல் இரண்டு அவர் இல்லை, பிறகு வந்துவிடுகிறார், இது வாரத்தில் மூன்று நாள் நடக்கிறது என்றால் சோமனூர், பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்து மாணவராக இருந்தால் இரவு தறிக்குப் போகிறாரா என்று யோசியுங்கள். திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும்போது பனியன் கம்பெனியில் செக்கிங், பேக்கிங்குக்கு ஆள் தேடுவார்கள். அப்போது வாரக்கடைசி வருகை குறையும். முகூர்த்த நாளில் கேட்டரிங்குக்குப் பரிமாறப் போகும் பையன்கள் மறுநாள் காலை வகுப்பில் இருக்க மாட்டார்கள். ஈரோடு ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் நடப்பது. கடைக்கு உதவியாகப் போகும் பிள்ளைகளின் செவ்வாய்க்கிழமை அப்படித்தான் காலியாகும். கடம்பூர், தாளவாடி, பர்கூர் மலைக்கு வாரக்கடைசியில் போனவர்கள் திங்கள் முதல் அவருக்கு வந்து சேர முடியாதது பஸ்ஸின் குறை.

நோம்பி (ஊர்த் திருவிழா) வேறு விஷயம். மாரியம்மன் நோம்பிக்கும் பண்ணாரி குண்டத்துக்கும் ஆடிப் பதினெட்டுக்கும் ஊரோடு லீவ் போடுவார்கள். ஒரே ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து இரண்டு நாள் இல்லையென்றால் அது அபாய அறிகுறி ஆகாது. முகூர்த்தம், நோம்பி, பஸ் ஸ்டிரைக் மூன்றையும் குறித்த ஒரு நெடுவரிசை போதும். ஊர் தெரிந்த அலுவலக உதவியாளர் ஒருவர் பத்து நிமிடத்தில் நிரப்பித் தந்துவிடுவார்.

இவை எல்லாம் ஊகங்கள். தரவு யார் என்று காட்டும், ஏன் என்று காட்டாது. ஊகத்தைக் கேள்வியாக்கிக்கொண்டு போக வேண்டும், தீர்ப்பாக்கிக்கொண்டு போகக்கூடாது.

அந்த இருபது நிமிடம்

ஸ்டாஃப் ரூமில் மற்ற ஆசிரியர்கள் முன் நிற்க வைத்துக் கேட்டால் "காய்ச்சலுங்க சார்" என்ற பதில்தான் வரும். லேபில், மரத்தடியில், காலியான வகுப்பில் உட்காரச் சொல்லிப் பேசுங்கள். "பட்டியல்", "ரிஸ்க்", "உன் ஸ்கோர்" என்ற சொற்களே வரக்கூடாது. நடந்த ஒன்றைச் சொல்லி, கேள்வியை விட்டுவிட்டு அமைதியாக இருக்க வேண்டும். நல்ல பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"வா கண்ணு, உட்காரு. போன ரெண்டு வாரமா காலைல மொத ரெண்டு அவர் உன்னயக் காணமே. பஸ்ஸு மாத்திட்டயா?"

"இல்லீங்க மேடம், பஸ்ஸெல்லாம் அதேதானுங்க."

"செரி. ராத்திரி தூங்க நேரமாகுதா?"

"... தறிக்குப் போறனுங்க மேடம். அப்பாவுக்குக் கால்ல அடிங்க. ராத்திரி ஷிப்டு நாந்தான் பாத்துக்கறனுங்க."

"எத்தன நாளைக்குன்னு சொல்லியிருக்காங்க?"

"இன்னும் ஒரு மாசமாவுமுங்க."

இதற்குப் பிறகு அறிவுரை எதுவும் வேண்டாம். ஒரு மாதத்துக்கு எந்த நாட்களில் வர முடியும், அந்த நாட்களில் எந்தப் பாடத்துக்கு எத்தனை வகுப்பு தேறும், லேப் ரிப்பீட் எப்போது, யாருடைய நோட்ஸ் கிடைக்கும் என்று தாளில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். அடுத்து எந்தத் தேதியில் பார்ப்பது என்றும் அதிலேயே இருக்க வேண்டும். தேதி எழுதாத பேச்சு நடக்காத பேச்சுக்குச் சமம். மென்டர் குறிப்பில் மூன்று வரி போதும்: காரணம், ஒப்புக்கொண்டது, அடுத்த தேதி. குடும்ப விவரத்தை அதற்கு மேல் எழுதி வைக்காதீர்கள்.

வீட்டுக்கு ஃபோன் போடும் விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. மாணவரிடம் பேசாமல் வீட்டுக்குப் பேசக்கூடாது என்பதைத் துறையில் விதியாகவே வைக்க வேண்டும். "உங்க பொண்ணு காலேஜுக்கு ஒழுங்கா வர்றதில்லைங்க" என்ற ஒரு வரி சில வீடுகளில் படிப்பையே நிறுத்திவிடும், கல்யாணப் பேச்சைத் தொடங்கிவிடும். அந்தப் பெண் மாதவிடாய் வலியால் இரண்டு நாள் ஹாஸ்டலில் படுத்திருந்திருக்கலாம். வீட்டாரை அழைத்தே ஆக வேண்டும் என்றால் மாணவருக்குச் சொல்லிவிட்டு, முடிந்தால் அவரையும் உடன் வைத்துக்கொண்டு, "நல்லாப் படிக்கிற புள்ளைங்க, இந்தப் பாடத்துல கொஞ்சம் கைகொடுக்கோணும், அதுக்குத்தானுங்க கூப்பிட்டேன்" என்று தொடங்க வேண்டும்.

காரணம் பணமாக இருந்தால் மென்டரின் வேலை அலுவலகப் பக்கம் திரும்பும். அமெரிக்காவின் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2012 முதல் 800-க்கும் மேற்பட்ட அறிகுறிகளை வைத்து மாணவர்களைக் கவனித்துவருவது இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் எடுத்துக்காட்டு. அங்கே நாம் கற்க வேண்டியது அந்த 800-ஐ அல்ல. படிப்பு முடிக்கும் தறுவாயில் சிறு தொகை பாக்கிக்காகப் பெயர் நீக்கப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து, அந்தப் பாக்கியைத் தாங்களே கட்டி மீட்டுக்கொண்டார்கள். நம் கல்லூரிகளில் பழைய மாணவர் சங்கமும் நிர்வாகமும் சேர்ந்தால் ஹால் டிக்கெட் நேரத்துக்கு ஒரு சிறு நிதி வைக்க முடியும். அதற்கு முன், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்து வந்த பெண்களுக்குப் புதுமைப்பெண், 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் பையன்களுக்கு, மாதம் 1,000 ரூபாய் உண்மையில் வருகிறதா என்று கேளுங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காமல் நின்றுபோனவை இருக்கும். ஒரு நாள் வேலையில் தீரும் பிரச்சினை அது.

யார் பார்க்கலாம்

பட்டியல் மென்டரிடமும் துறைத்தலைவரிடமும் மட்டும் இருக்க வேண்டும். மென்டருக்குத் தன் 20 பேரில் வந்த பெயர்கள் மட்டும். நோட்டீஸ் போர்டு, கிளாஸ் குரூப், பிளேஸ்மென்ட் செல் எதற்கும் போகக்கூடாது. பிளேஸ்மென்ட் செல் கட்டாயம் கேட்கும். கொடுத்தால் முதலாம் ஆண்டில் அப்பாவுக்கு அடிபட்ட மாதம் மூன்றாம் ஆண்டில் கம்பெனி நேர்காணலைத் தடுக்கும். செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் பெயருள்ள பட்டியலை அழித்துவிட்டு, பெயரில்லாத எண்களை மட்டும் மதிப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது. முதலாம் ஆண்டில் சேர்பவர்களில் பலருக்கு அப்போது 17 தான். எந்தத் தரவை எதற்குப் பார்க்கிறோம் என்று அட்மிஷன் நேரத்திலேயே தமிழில் ஒரு பக்கம் எழுதி, மாணவருக்கும் பெற்றோருக்கும் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவதை வழக்கமாக்குங்கள்.

பலித்ததா என்று எப்படித் தெரியும்

இங்கே பெரிய பல்கலைக்கழகங்களே சறுக்கியிருக்கின்றன. பர்டியூ பல்கலைக்கழகத்தின் கோர்ஸ் சிக்னல்ஸ் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குகளால் மாணவர்களை எச்சரித்த முன்னோடித் திட்டம். அந்த முறை இருந்த பாடங்களை இரண்டோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் படிப்பில் நிலைத்து நிற்பது மிக அதிகம் என்று 2012-இல் அறிக்கை வந்தது. அடுத்த ஆண்டே விமர்சகர்கள் ஓட்டையைக் காட்டினார்கள். நிலைத்து நின்றவர்களால்தான் அதிக செமஸ்டர் இருந்து அதிகப் பாடம் எடுக்க முடிந்தது. காரணமும் விளைவும் இடம் மாறியிருந்தன.

நம் துறைகளில் இதே தவறு "கோச்சிங்குக்கு ஒழுங்காக வந்தவர்களில் எண்பது பேர் பாஸ்" என்ற வடிவில் வரும். ஒழுங்காக வருகிறவர் கோச்சிங் இல்லாமலும் தேறியிருக்கக்கூடும். நேர்மையாகப் பார்க்க இரண்டு வழி உண்டு. முதல் வழி, பட்டியலின் எல்லையில் ஒப்பிடுவது. 48 பேர் எடுத்தால் 39 முதல் 48 வரை உள்ளவர்களையும், பட்டியலில் இடம் கிடைக்காமல் போன 49 முதல் 58 வரை உள்ளவர்களையும். இருவரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தவர்கள், பேச்சு கிடைத்ததும் கிடைக்காததும்தான் வேறுபாடு. பத்துப் பத்துப் பேர் என்பது சிறிய எண், ஆகவே இரண்டு மூன்று செமஸ்டரைச் சேர்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். இரண்டாவது வழி, எல்லாத் துறையிலும் ஒரே நேரத்தில் தொடங்க ஆள் இல்லாத கல்லூரிக்கு ஏற்றது. சீட்டுக் குலுக்கி நான்கு துறையில் இந்த செமஸ்டரும் மற்ற நான்கில் அடுத்த செமஸ்டரும் தொடங்கினால், நடுவில் ஒப்பிட ஒரு செமஸ்டர் கிடைக்கும்.

ஒப்பிடும்போது பட்டியலில் இருந்த அனைவரையும் கணக்கில் எடுங்கள். கூப்பிட்டும் வராதவர், ஒரே முறை பேசிவிட்டு நின்றவர், நடுவில் டிசி வாங்கிப் போனவர் எல்லோரும் விழுக்காட்டுக் கணக்கின் பகுதியில் (வகுக்கும் எண்ணில்) இருக்க வேண்டும். தேர்ச்சி விழுக்காட்டோடு, பட்டியல் வந்த இரண்டு நாளுக்குள் எத்தனை பேருக்கு முதல் பேச்சு நடந்தது, தாளில் எழுதிய அடுத்த தேதியில் எத்தனை பேரை மீண்டும் பார்த்தார்கள் என்ற இரண்டு எண்களையும் மென்டர் வாரியாக எடுத்து வையுங்கள். அடுத்த செமஸ்டர் பட்டியல் 48-இல் நிற்க வேண்டுமா, 36-க்கு இறங்க வேண்டுமா என்பதை அந்த இரண்டு எண்களை வைத்து முடிவு செய்யலாம்.